படகு இன்று ஓடாது

உங்கள் பொலிஸ் நிலைய ரிவியில் எங்கள் சனல் நல்ல தெளிவாக விழுகிறது, ஐயா. சில வீடுகளில் இன்னும் புள்ளி புள்ளியாகத்தான் வரும். உடுப்புக் காயப்போடும் கொடி போலக் கேபிளை வேலிக்கு வேலி இழுத்திருக்கிறோம், வேறென்ன செய்வது. என் கதிரையைக் கொஞ்சம் திருப்பினால் எனக்கும் தெரியும். நிறுத்தப் போகிறீர்களா? சரி, நிறுத்திவிட்டே பேசுவோம்.

என் பெயர் மிரோஜன். மாலைச் செய்தி வாசிப்பவன் நான்தான். எழுதுவதும் நான், பல நாட்களில் கமரா தூக்குவதும் நான். முதலாளி பஸ்ரியாம்பிள்ளை அண்ணை இந்தத் தேர்தலில் ஒரு பக்கத்தை ஆதரித்தார். அவர் ஆதரித்தால் சனல் ஆதரிக்கும். சனல் ஆதரித்தால் நான் ஆதரிப்பேன். உப்பிட்டவரை உள்ளளவும் நினை என்று படித்த ஆள் நான். அத்தான் தயாபரன் தன்னுடைய முறைப்பாட்டில் என்னை ஏதோ பெரிய அரசியல்வாதி போலச் சொல்லியிருக்கிறார். எனக்கு அரசியலே கிடையாது. இரண்டு பக்கமும் மேடையில் வாக்குக் கொடுத்தது ஒன்றைத்தான்: இறங்குதுறைக்கு வெளிச்சம், வீதிக்குத் தார்.

செய்தியில் பொய் சொல்ல வேண்டிய தேவை எனக்கு அநேகமாக வந்ததில்லை. மற்றப் பக்கத்தின் கூட்டம் என்றால், தொடங்குமுன் கதிரை அடுக்கும்போது போய்ப் படம் எடுப்பேன். எங்கள் பக்கம் என்றால், சாப்பாட்டுப் பொதி கொடுக்கும் வரிசைக்குப் பக்கத்தில் நின்று எடுப்பேன். இரண்டும் உண்மையான படம். மற்றப் பக்க வேட்பாளர் இருமினால் அந்த இருமலை வெட்டமாட்டேன். எங்கள் வேட்பாளர் பேச்சில் தடுமாறினால் அந்த இடத்தில் கடலைக் காட்டுவேன். தீவில் கடலுக்குப் பஞ்சமில்லைத்தானே.

என் ஒரே அக்கா சிவரூபி நெடுந்தீவில் வாழ்க்கைப்பட்டவர். அத்தான் என்று சொன்னேனே, அவருடைய புருஷன். தாய் தகப்பன் போன பிறகு என்னைப் படிப்பித்து ஆளாக்கியது அக்காதான். நெடுந்தீவில் தனி டிஷ் வைத்து அங்கேயும் எங்கள் சனலைக் கொடுக்கத் தொடங்கியபோது முதலில் இணைப்பு எடுத்ததும் அவர்தான். என் செய்தி தொடங்கினால் அந்த வீட்டில் ஒருவரும் வாய் திறக்கக்கூடாது. அத்தானோ மற்றப் பக்கத்து ஆள். மேடை கட்டுவதில் முன்னுக்கு நிற்பவர்.

"உம்மட தம்பி முழுப் பூசணிக்காயைச் சோத்துக்குள்ள மறைக்கிறான்" என்று அத்தான் ரிவியைப் பார்த்துச் சொல்வாராம்.

"அவன் படிச்சவன். உங்கட ஆக்களைப்போல வாயில வந்ததை உளறமாட்டான்" என்பாராம் அக்கா.

முதலில் பகிடியாகத்தான் இருந்தது. தேர்தல் நெருங்க நெருங்க இரண்டு பேரும் ஒரே குசினியில் வேறு வேறு நேரம் சாப்பிடத் தொடங்கினார்கள். அக்கா போனில் அதைச் சொன்னபோது எனக்கு உள்ளுக்குள் கொஞ்சம் பெருமையாகக்கூட இருந்தது. மனிதன்தானே ஐயா.

இனிப் படகு விடயம். நெடுந்தீவுக்குப் போகவும் வரவும் படகை விட்டால் வேறு வழியில்லை. தினமும் காலையில் நெடுந்தீவு இறங்குதுறையில் நிற்பவர் எனக்குப் போன் எடுத்துக் கடல் எப்படி, படகு ஓடுமா என்று சொல்வார். அதைத் திரையின் அடியில் ஓடும் எழுத்தாகப் போடுவேன். என் செய்தியை ஏசுகிறவர்கள்கூட அந்த எழுத்தைப் பார்த்துத்தான் வீட்டை விட்டு வெளிக்கிடுவார்கள். மரண அறிவித்தல், மின்வெட்டு, படகு, இவற்றில் கட்சி இல்லை என்று சனம் நினைத்தது. நானும் அப்படித்தான் நினைத்திருந்தேன்.

தீவுப்பகுதி முழுவதற்குமாக மற்றப் பக்கத்தின் கடைசிக் கூட்டம் வேலணையில் நடக்க இருந்தது. நெடுந்தீவிலிருந்து ஒரு படகு நிறைய ஆட்கள் வருகிறார்கள் என்று கதை. அதற்கு முதல் நாள் பஸ்ரியாம்பிள்ளை அண்ணை என் தோளில் கை போட்டார்.

"மிரோஜன், நாளைக்குக் கடல் கொஞ்சம் குழம்பும் போல கிடக்கு, என்ன?"

யன்னலால் பார்த்தேன். கடல் குளம் போலக் கிடந்தது.

"ஓம் அண்ணை, குழம்பும்" என்றேன்.

வேறு என்ன சொல்வது? நீங்களும் மேலிடத்துக்குப் பதில் சொல்கிற ஆள், உங்களுக்கு விளங்கும். தோளில் கிடந்த கை பாரமான கை. அடுத்த நாள் காலை துறையில் நிற்பவர் "கடல் நல்லாக் கிடக்கு தம்பி, படகு வெளிக்கிடப் போகுது" என்றார். அவருக்கு நன்றி சொல்லிப் போனை வைத்தேன். பிறகு, 'கடல் கொந்தளிப்பு. நெடுந்தீவுப் படகு இன்று ஓடாது' என்று அடித்தேன்.

நடந்ததைப் பாருங்கள். மற்றப் பக்கத்து ஆட்கள் அடியில் ஓடும் எழுத்தையும் எப்போதோ நம்பாமல் விட்டிருந்தார்கள். அது எங்களுக்குத் தெரியாமல் போய்விட்டது. அவர்கள் கொடியும் கையுமாகத் துறைக்குப் போனார்கள், படகில் ஏறினார்கள், கூட்டம் கேட்டார்கள், திரும்பிப் போனார்கள். எங்களை நம்பியவர்கள்தான் வீட்டில் இருந்தார்கள்.

அக்கா வீட்டில் இருந்தார். விடியவே அவருக்கு நெஞ்சு இறுக்கம், வியர்த்துக் கொட்டியிருக்கிறது. அத்தான் துறைவரை ஓடிப்போய்ப் பார்த்துவிட்டு வந்து, படகு நிற்கிறது, யாழ்ப்பாணம் பெரியாஸ்பத்திரிக்குப் போவோம், வெளிக்கிடும் என்று கூப்பிட்டிருக்கிறார். அக்கா ரிவியைக் காட்டினாராம்.

"இஞ்ச பாருங்கோ, ஓடாது எண்டு போட்டிருக்கு."

"நான் என்ர கண்ணால பாத்திட்டு வாறன், சிவரூபி."

"உங்களுக்கு உங்கட கூட்டத்துக்குப் போகோணும். அதுக்கு என்ர நெஞ்சு நோவைச் சாட்டாதேங்கோ."

அத்தான் காலில் விழாத குறையாகக் கெஞ்சினாராம். கட்டியிருந்த கட்சித் துண்டைக் கழற்றி எறிந்துவிட்டு, கூட்டமும் வேண்டாம் ஒன்றும் வேண்டாம், நீர் எழும்பும் என்றாராம். அதையும் அக்கா நடிப்பு என்றாராம். இதையெல்லாம் அத்தான் சொன்னபடியே நான் நம்புகிறேன். அவர் பொய் சொல்கிற ஆள் இல்லை. படகு போய்விட்டது. மதியத்துக்கு முன் அக்கா சரிந்தார். ஊர் ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு போய், அவசரப் படகுக்குச் சொல்லி, அது வருவதற்கிடையில் சீவன் போய்விட்டது.

அன்று மாலையும் செய்தி வாசித்தேன். 'படகில்லை, உயிரில்லை. தீவுப் பெண்ணின் மரணத்துக்கு யார் பொறுப்பு?' என்பது தலைப்பு. பிரதேச சபையைக் கையில் வைத்திருந்த மற்றப் பக்கம் படகுச் சேவையைக் கவனிக்காமல் விட்டதைப் பற்றி விரிவாகச் சொன்னேன். அக்காவின் படத்தையும் போட்டேன். அது வேறு எந்தச் சனலிடமும் இல்லாத படம். குரல் தளம்பவில்லை, ஐயா. முதலாளி தலையை ஆட்டினார்.

ஏன் திருத்தம் போடவில்லை என்று கேட்கிறீர்கள். போட நினைத்தேன், உண்மை. ஆனால் திருத்தம் போட்டால் அது மற்றப் பக்கத்துக்குச் சாதகம். தேர்தல் நேரத்தில் அப்படிச் செய்வது நடுநிலை ஆகாது. படகில் போய்வந்த சனம் படகு ஓடியது, ஓடியது என்று ஊரெல்லாம் சொல்லித் திரிந்தது. எங்கள் நேயர்கள் நம்பவில்லை. கட்சிக்காரர் அப்படித்தான் சொல்வார்கள் என்றார்கள். நானே எழும்பிச் சொல்லியிருந்தாலும் என்னை யாரோ விலைக்கு வாங்கிவிட்டார்கள் என்றுதான் நினைத்திருப்பார்கள். எங்கள் பக்கம் வென்றது.

அத்தானின் முறைப்பாட்டில் இல்லாத ஒன்றும் இருக்கிறது. அவருக்கு அது தெரியாது. நீங்கள் கேட்கவும் இல்லை. வந்த இடத்தில் முழுவதையும் சொல்லிவிடுகிறேன்.

அத்தான் படலைக்கு வெளியே ஓட்டோ பிடித்துக்கொண்டு நின்ற நேரம் அக்கா எனக்குப் போன் எடுத்தார்.

"தம்பி, உண்மையைச் சொல்லு. படகு ஓடுதோ? இந்த மனிசன் ஒற்றைக்காலில நிக்குது. எனக்கும் நெஞ்சுக்குள்ள ஏலாமத்தான் கிடக்கு. நீ ஓம் எண்டு சொன்னா வெளிக்கிடுறன்."

முதலாளி எனக்கு எதிரே இருந்து தேத்தண்ணி குடித்துக்கொண்டிருந்தார். ஓம் என்று ஒரு சொல். அக்கா ஏறினால் அக்கம்பக்கம் எல்லாம் ஏறும் என்று நினைத்தேன். நாளைக்கு எனக்கு வேலை இருக்குமா என்றும் நினைத்தேன்.

"ஓடேல்லை அக்கா" என்றேன். "அது வாய்வாயிருக்கும். சோடா குடிச்சிட்டுப் படுங்கோ."

"சரி ராசா" என்றார். "நீ சாப்பிட்டியோ?"

இன்னும் இல்லை என்றேன். அது உண்மை.

அடுத்த நாள், எரிக்கிற அன்று, நான் போகவில்லை என்பது அத்தானுக்குப் பெரிய மனக்குறை. போகத்தான் வெளிக்கிட்டேன். நெடுந்தீவுக்குப் படகு ஏறும் குறிகாட்டுவான் துறையில் வேட்டியோடு நின்றேன். காற்று மாறி, அலை துறைக்கு மேலால் அடித்தது. கையெடுத்துக் கும்பிட்டும் ஒருவரும் படகை அவிழ்க்கவில்லை. அங்கேயே நனைந்துகொண்டு நின்று அழுதேன். அக்காவின் முகத்தை நான் காணாமலே எரித்துவிட்டார்கள்.

ஆகவே கடல் கொந்தளிப்பு என்று நான் போட்டதைப் பொய் என்று எழுதாதீர்கள், ஐயா. மற்றவர்களை விட ஒரு நாள் முந்திக் கொடுத்துவிட்டேன், செய்திக்காரனுக்கு அது ஒரு குற்றமா?