மூலையில் ஒட்டிய எழுத்து

ஸ்டேஷனில் நாற்காலி போட்டு, மின்விசிறியைத் திருப்பி வைத்து, நிதானமாக எழுதச் சொன்னீர்கள், ஐயா. நன்றி. என் எழுத்து கோணல்மாணலாகத்தான் இருக்கும். பிள்ளைக்கு அப்பனான பிறகு கற்றுக்கொண்ட எழுத்து.

மூட்டை தூக்கிக்கொண்டிருந்த என்னை, படிக்கத் தெரிந்துவிட்டது என்பதற்காக ட்ராயிங், அதாவது அளவு போட்ட படம், கொண்டுபோகிற வேலையில் போட்டார்கள். எங்கள் தொழிற்சாலையில் மடக்கு ஏணி செய்கிறோம். மாடியில் எஞ்சினியர்கள் எதையாவது மாற்றினால், புது ட்ராயிங்கை நான் கீழே கொண்டுவந்து மெஷின் பக்கத்தில் மாட்ட வேண்டும். ட்ராயிங்கின் மூலையில் ஓர் எழுத்து இருக்கும். ஒவ்வொரு மாற்றத்துக்கும் அந்த எழுத்து மாறும். பழையதன் மூலையைக் கிழித்து மேலே கொடுத்தால், பழையது ஒழிந்தது என்று அர்த்தம். மீதி குப்பைக்கு. தரம் பார்க்கிறவரும் மூலையில் புது எழுத்து இருக்கிறதா என்று பார்ப்பார். பிறகு மாட்டியிருக்கும் ட்ராயிங்கை வைத்துத்தான் அளப்பார்.

ஏணியின் கீல் தகட்டை வெட்டுகிறவன் என் தங்கச்சி புருஷன். துளைக்கும் ஓரத்துக்கும் நடுவே தகடு போதவில்லை, பாரத்தில் கிழிந்துபோகும், ஒரு விரல் அகலம் கூட்டி வெட்டுங்கள் என்று மாற்றம் வந்தது. ஆனால் குட்டைத் தகடு ஏற்கெனவே மெஷினருகே இடுப்பளவு குவிந்து கிடந்தது. வெட்டியதை நீட்ட முடியுமா? அத்தனையும் வீண். யார் தலை உருளும்? மாப்பிள்ளைமேல் முன்பே புகார் இருந்தது. தங்கச்சி முழுகாமல் இருந்தாள்.

ஆகவே பழைய மூலையைக் கிழித்து மேலே கொடுத்தேன். புது ட்ராயிங்கின் மூலையை வெட்டி, பழையதில் ஒட்டி, அதையே மாட்டினேன்.

“என்ன மச்சான் மாறியிருக்கு?”

“மூலையில எழுத்து மாறியிருக்கு. அளவு அதேதான். நீ பாட்டுக்கு வெட்டு.”

“ஒரு எழுத்த மாத்தவா அத்தனை பேரு மேல ஏசியில உக்காந்திருக்காங்க?” என்று சிரித்தான். “நமக்கு நம்பரை விட்டா ஒண்ணும் தெரியாது. வாத்தியார் நீங்க சொன்னா சரி.”

குவியல் தீரட்டும், பிறகு சரியானதை மாட்டலாம் என்றுதான் இருந்தேன். தீர்ந்தது. ஆனால் இப்போது மாட்டினால், முன்னே மாட்டினது என்ன என்று கேட்பான். மாட்டவில்லை. அவன் வெட்டிக்கொண்டே இருந்தான்.

பெயிண்டர் ஒருவர் ஏணி முறிந்து விழுந்து செத்துப்போனார் என்று செய்தி வந்ததும் மாடியில் ஒரே பரபரப்பு. விசாரணைக்கென்று புது ட்ராயிங்கை நகல் எடுத்துத் தள்ளினார்கள். நானும் ஒன்று எடுத்துக்கொண்டேன். ஒட்டியதைக் கிழித்துக் கழிவறையில் போட்டுத் தண்ணீர் ஊற்றினேன், நல்லதை மாட்டினேன். அதனால்தான் நீங்கள் வந்தபோது மெஷின் பக்கத்தில் சரியான ட்ராயிங்கும், மெஷினில் தப்பான தகடும் இருந்தன. மச்சான் மாட்டினதைப் பார்த்துத்தான் வெட்டினேன் என்று அவன் சொன்னான். அங்கே தொங்கியதும் நான் மாட்டியதுதான். அவனைக் கூட்டிக்கொண்டு போனீர்கள்.

தங்கச்சி வயிற்றைப் பிடித்துக்கொண்டு வந்தாள். “அண்ணே, அவரு வேணும்னு செய்யலைன்னு நீயாவது சொல்லக்கூடாதா?”

“அதத்தாம்மா நாயா அலைஞ்சு சொல்லிக்கிட்டிருக்கேன்.”

வக்கீலைப் பிடித்ததும் நான்தான். இப்படி ஓர் அண்ணன் யாருக்குக் கிடைப்பான் என்று அக்கம்பக்கத்தில் சொல்கிறாளாம்.

அவ்வளவு தகடு எப்படிக் குவிந்தது என்று கேட்டீர்கள். மாற்றம் வந்த அன்றே புது ட்ராயிங்மேல் நான் டீயைக் கொட்டிவிட்டேன். வேறு நகல் கேட்டால், படிப்பு வந்துச்சு, புத்தி வரலையே என்பார்கள். மடித்துப் பெட்டியில் வைத்துவிட்டேன். இன்றைக்குக் கேட்கலாம், நாளைக்குக் கேட்கலாம் என்று நாள் போனது. அவன் வெட்டினான், குவிந்தது. மூலையில் மட்டும் கறை படவில்லை. என்றாலும் அவனுக்காகத்தான் செய்தேன், ஐயா.

ஏணி முறியும் என்று தெரியுமா என்பது கடைசிக் கேள்வி. சத்தியமாகத் தெரியாது. அவன் குட்டைத் தகடு வெட்டிக்கொண்டிருந்த சமயத்தில் தொழிலாளிகளுக்கு ஆளுக்கொரு ஏணி கொடுத்தார்கள். என்னுடையதை வீட்டுக்குள்ளேயே கொண்டுபோகவில்லை. வழியிலேயே பழைய இரும்புக் கடையில் போட்டுவிட்டேன். எங்கள் வீட்டில் பரணில் ஏறுகிறவள் என் மனைவி. தங்கச்சி வீட்டு ஏணி இன்னும் அங்கேதான் இருக்கிறது. கொடு என்றால், ஏன் என்று கேட்பாள்.