எட்டாம் தட்டுச் செடி

தேர்வாளர்: இதுல யோசிக்க என்ன மேடம் இருக்கு? எட்டாம் தட்டுல வச்ச களைச்செடி, அம்மான் பச்சரிசி. நீங்க குடுத்த லிஸ்ட்லயே இருக்கே.

மேடம்: அதான் சார் நானும் சொல்றேன். என் கிளாஸ்ல முப்பத்திரெண்டு பேர், முப்பத்தொரு பேர் பிராக்டிகல் பரீட்சையில அதையேதான் எழுதியிருக்காங்க. அஞ்சுக்கு அஞ்சு போட்டுட்டுக் கையெழுத்துப் போட்டீங்கன்னா, அஞ்சு மணி பஸ்ஸைப் பிடிச்சு உங்க ஊருக்குப் போயிடலாம்.

தேர்வாளர்: மிச்சம் ஒண்ணு?

மேடம்: பதினேழாம் நம்பர். அது என்னவோ... எழுதி வச்சிருக்கு. முட்டை போடுங்க.

அட்டெண்டர்: ஐயா, தட்டெல்லாம் கழுவி எடுத்து வச்சிடவா? இல்ல, ஒரு தடவை பாத்துட்டு...

தேர்வாளர்: எதைப் பாக்கணும்?

அட்டெண்டர்: செடியைத்தாங்க. காலையில இருந்து மார்க் போடுறவங்க யாரும் பாக்கலை. அதுவும் பாவம், படுத்தே கிடக்கு.

மேடம்: அண்ணே, நீங்க போய் டீ வாங்கிட்டு வாங்களேன்.

அட்டெண்டர்: வாங்கிட்டேன் மேடம். மூடி வச்சிருக்கேன்.

தேர்வாளர்: இந்தாப்பா, களைச்செடியைப் பத்தி எனக்கேவா? இங்க கொண்டா. ம்... ம்ம்... நல்ல உசரம், கணுவுக்குக் கணு முள்ளு...

அட்டெண்டர்: ஐயா, அது ஒன்பதாம் தட்டு.

தேர்வாளர்: தெரியும். சும்மா ஒப்பிட்டுப் பாத்தேன்.

மேடம்: சார், உங்க கண்ணாடி?

தேர்வாளர்: பையில இருக்கு. பை... பஸ்ல இருக்கு. அதை விடுங்க.

மேடம்: அப்ப காலையில இருந்து பேப்பர் எல்லாம்...

தேர்வாளர்: எழுத்து தெரியுது மேடம்! தூரத்துல பிடிச்சா நல்லாவே தெரியுது. இந்தப் பொடிசுதான்...

அட்டெண்டர்: லென்ஸ் இருக்குங்க. கண்ணுக்குப் பக்கத்துல வச்சுக்குங்க. இல்ல, செடியை நீங்க தேடிப் போகாதீங்க, அதை உங்ககிட்ட வரச் சொல்லுங்க. ஆங்... அப்படித்தான்.

தேர்வாளர்: ...மேடம்.

மேடம்: சார்.

தேர்வாளர்: அம்மான் பச்சரிசி எவ்வளவு உசரம் வளரும்?

மேடம்: ஒரு சாண் வரும் சார். இது இளசு.

தேர்வாளர்: இளசா? காய்ச்சுக் கிடக்கு மேடம்! பேரன் பேத்தி எடுத்த செடி இது.

மேடம்: தண்ணி பத்தாம குட்டையாப் போயிருக்கும்.

தேர்வாளர்: குட்டையா இல்ல, தட்டையா இருக்கு. இஸ்திரி போட்ட மாதிரி. அந்தப் பேப்பர் கட்டைக் குடுங்க. நாலாம் நம்பர்... "தண்டு நிமிர்ந்து நிற்கும், ஒரு சாண் உயரம், இலையிடுக்கில் உருண்டையான பூங்கொத்து." பன்னிரண்டு... "தண்டு நிமிர்ந்து நிற்கும், ஒரு சாண் உயரம்..." இருபத்தாறு... "தண்டு நிமிந்து நிக்கும்." அப்பாடா, எழுத்துப் பிழையாவது சொந்தமாப் பண்ணியிருக்கான்.

மேடம்: நல்லா படிச்சிருக்காங்க சார்.

தேர்வாளர்: இங்க இல்லாத செடியை நல்லா படிச்சிருக்காங்க. உருண்டைப் பூங்கொத்து எங்கம்மா? எனக்குத் தெரியலையா, இல்லவே இல்லையா?

அட்டெண்டர்: இல்லவே இல்லைங்க. ஒவ்வொரு இலையிடுக்குலயும் ஒண்ணோ ரெண்டோ, லேசா ரோஸ் கலர்ல.

மேடம்: அண்ணே... காலையில நான் உங்ககிட்ட குடுத்த செடி எங்க?

அட்டெண்டர்: அது வாடிடுச்சு மேடம். கடைசி நேரத்துல என்ன பண்றதுன்னு முழிச்சேன். கை கழுவுற தொட்டிக்குப் பின்னாடி செங்கல் இடுக்குல இது இருந்துச்சு. கிள்ளிப் பாத்தேன், பால் வந்துச்சு. சரி, சொந்தக்காரப் பய போலிருக்குன்னு கொண்டாந்து வச்சிட்டேன்.

மேடம்: என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லக் கூடாதா?

அட்டெண்டர்: நீங்களே வந்து பாப்பீங்கன்னு நெனச்சேன் மேடம்.

தேர்வாளர்: ஹஹ்... சரி, சரி. அந்தப் பதினேழை எடுங்க.

மேடம்: எதுக்கு சார் அதைப் போய்...

தேர்வாளர்: முட்டை போடச் சொன்னீங்களே, எதுக்குப் போடறேன்னு பாக்க வேணாமா? நீங்களே படிங்க. தூரத்துல பிடிக்க எனக்குக் கை பத்தலை.

மேடம்: "முதலில் அம்மான் பச்சரிசி என்று நினைத்தேன். ஆனால் இது நிற்கவில்லை, தரையோடு ஒட்டிப் படர்கிறது. தண்டு சிவப்பு. கிள்ளினால் பால் வருகிறது. பால் பட்ட விரலால் கண்ணைத் தொட்டுவிட்டேன், எரிகிறது..."

தேர்வாளர்: ஐயோ பாவம்!

அட்டெண்டர்: நான்தான் தண்ணி ஊத்திக் கழுவி விட்டேன். செவந்த கண்ணோட திரும்பி வந்து எழுதினா.

மேடம்: "இலைகள் எதிரெதிராக ஜோடி ஜோடியாக உள்ளன. பருப்பு அளவுதான். இலையின் அடி ஒரு பக்கம் ஏறியும் ஒரு பக்கம் இறங்கியும் கோணலாக உள்ளது. காய் மூன்று புடைப்பு. கிண்ணம் போன்ற பூவின் ஓரத்தைக் கிழித்துக்கொண்டு எட்டிப் பார்க்கிறது. காய் முழுவதும் முடி உண்டு. ஆகவே இது சிற்றம்மான் பச்சரிசி."

தேர்வாளர்: கிண்ணத்தைக் கிழிச்சுக்கிட்டு எட்டிப் பாக்குதாமே! இந்தப் பொண்ணு எந்த ஊரும்மா?

மேடம்: சார், எதுவா இருந்தா என்ன? அம்மான் பச்சரிசிக்கும் இதுக்கும் ஒரே குடும்பம். தம்பிக்குப் பதிலா அண்ணன் பேரைச் சொல்லிட்டாங்க, அவ்வளவுதான். கொஞ்சம் பாத்துப் போடலாமே.

தேர்வாளர்: அண்ணன் பேர்ல தம்பி வந்து பரீட்சை எழுதினா உள்ள விடுவீங்களா?

மேடம்: அதுக்கில்ல சார்... எட்டுல முட்டை போட்டா பதினோரு பேர் ஃபெயில். கூட்டிப் பாத்துட்டேன்.

தேர்வாளர்: பதினேழுக்கு முட்டை போட்டா?

மேடம்: அவளும் மூணு மார்க்ல போயிடுவா.

தேர்வாளர்: அதையும் கூட்டிப் பாத்துட்டுத்தான் சொன்னீங்களா? சரி, அவசரப்படக் கூடாது. இதே மாதிரி தரையில கிடக்குற இன்னொருத்தன் இருக்கான். அவனுக்கும் பால், சிவப்பு, கோணல் இலை எல்லாம் உண்டு. ஆனா முடி, காயோட மூணு முனையில கோடு போட்ட மாதிரி மட்டும்தான் இருக்கும். இவனா இருந்தா காய் பூரா இருக்கணும். அப்படி இல்லேன்னா பதினேழும் தப்பு. லென்ஸைக் குடுப்பா... ம்... என்னப்பா, காய் மொட்டையால்ல இருக்கு?

அட்டெண்டர்: அது மணல்ங்கய்யா.

தேர்வாளர்: இது?

அட்டெண்டர்: அது உங்க கட்டை விரலு.

தேர்வாளர்: சரிதான், என்னால ஆகாது. மேடம், நீங்க பாருங்க. நீங்க என்ன சொல்றீங்களோ அதைப் போட்டுடறேன்.

மேடம்: நானா?

தேர்வாளர்: உங்க கண்ணு நல்லாத்தானே இருக்கு?

அட்டெண்டர்: ஜன்னல் பக்கம் வாங்க மேடம், இங்க வெளிச்சம் வருது.

மேடம்: பாத்துக்கிட்டிருக்கேன் சார்.

தேர்வாளர்: முனையில மட்டும்தானே?

மேடம்: ...

தேர்வாளர்: எழுதிக்கட்டுமா?

மேடம்: பூரா இருக்கு சார். மூணு பக்கமும், இடுக்குல கூட. வெள்ளையா, பூனை முடி மாதிரி. அவ எழுதினதுதான் சரி.

தேர்வாளர்: மாத்திச் சொல்லியிருந்தா எனக்குத் தெரிஞ்சிருக்காது.

மேடம்: எனக்குத் தெரியுமே சார். ச்சே... எவ்வளவு அழகா இருக்கு இந்தக் காய்! வேலைக்கு வந்ததுல இருந்து பாடம் நடத்தறேன், லென்ஸ் வச்சுப் பாத்து எத்தனை வருஷம் ஆச்சு...

தேர்வாளர்: இப்ப சொல்லுங்க. முப்பத்தொரு பேருக்கும் படுத்துக் கிடக்குற தண்டு எப்படி நிமிர்ந்துச்சு?

மேடம்: நான்தான் சார். முந்தாநாள் கிளாஸ்ல லிஸ்ட்டைப் படிச்சுட்டேன். எந்தத் தட்டுல எது, என்ன காரணம் எழுதணும், எல்லாத்தையும். போன வருஷம் பாதி கிளாஸ் ஃபெயில். பிரின்சிபால் எல்லார் முன்னாடியும் என்னை நிக்க வச்சுக் கேட்டார். பயந்துட்டேன்.

தேர்வாளர்: பதினேழு மட்டும் எப்படித் தப்பிச்சா?

மேடம்: அன்னிக்கு அவளுக்குப் பல்வலி. லீவு.

தேர்வாளர்: ஒரு சொத்தைப் பல்லு காப்பாத்தியிருக்கு! நான் இதை மேல எழுதித்தான் ஆகணும் மேடம். தப்பு தப்புதானே.

அட்டெண்டர்: எழுதுங்கய்யா. கூடவே, நீங்களும் செடியைப் பாக்காமலே அதே பேரைச் சொன்னீங்கன்னும் ஒரு வரி... கண்ணாடி பஸ்ல போன கதையையும்.

தேர்வாளர்: உனக்கு யாருப்பா இந்த வேலை குடுத்தது? வக்கீலாப் போயிருக்கலாமே!

மேடம்: அண்ணே, சும்மா இருங்க. சார், உங்க இஷ்டம். நான் எதுவும் சொல்ல மாட்டேன்.

தேர்வாளர்: இப்படிப் பண்ணலாம். பதினேழுக்கு அஞ்சு. மத்தவங்க பால் வரும்னு எழுதியிருக்காங்க, அதுக்கு அரை. எதிரெதிர் இலைக்கு அரை. நிமிர்ந்து நின்னதுக்கெல்லாம் ஒண்ணும் கிடையாது. ஃபெயில் ஆறவன் ஆகட்டும். அடுத்த மாசம் மறுபடி எழுதட்டும், நானே வரேன். லிஸ்ட் என் சட்டைப் பையிலதான் இருக்கும், உங்களுக்குக் கூடக் காட்ட மாட்டேன். சரியா?

மேடம்: சரி சார். பிரின்சிபால்கிட்ட நானே போய்ச் சொல்லிடறேன். பயமாத்தான் இருக்கு.

தேர்வாளர்: இருக்கட்டும். டீயைக் குடுப்பா... ஒரு நிமிஷம். மத்த தட்டெல்லாம் காலையில வச்சது, இன்னும் பச்சைப் பசேல்னு இருக்கு. எட்டாம் தட்டுச் செடி மட்டும் எப்படி வாடுச்சு?

அட்டெண்டர்: வெயிலு...

தேர்வாளர்: காலையில இருந்தே மழை பெய்யுது வெளிய.

அட்டெண்டர்: ...வாடலைங்கய்யா. நான்தான் எடுத்துட்டு இதை வச்சேன்.

மேடம்: வேணும்னேவா? அண்ணே!

தேர்வாளர்: அப்படி வா வழிக்கு! கண்ணைக் கழுவி விட்டேன்னு சொன்னப்பவே பொறி தட்டுச்சு. அந்தப் பதினேழாம் நம்பர் உன் பொண்ணு. அவளுக்காகத்தானே மாத்தினே?

மேடம்: இல்ல சார், அவரு பொண்ணு...

அட்டெண்டர்: இருங்க மேடம், நானே சொல்றேன். என் பொண்ணுக்குப் பல்வலியெல்லாம் கிடையாதுங்கய்யா, அன்னிக்கு கிளாசுக்குப் போயிட்டா. ரெண்டு நாளா அந்த லிஸ்ட்டை முகம் பாக்குற கண்ணாடியில ஒட்டி வச்சுக்கிட்டு, தலை வாரிக்கிட்டே மனப்பாடம் பண்ணினா. முப்பத்தொண்ணுல அவளும் ஒருத்தி. ஒரு தடவையாவது செடியைப் பாத்து எழுதட்டுமேன்னு, அவளுக்காகத்தான் மாத்தினேன்.