திரண்டு வாரீர் என்று சொன்னது என் நாக்கு

என் மாப்பிள்ளை எனக்குக் காசு கொடுத்துக் கூட்டம் கூட்டினான் என்று எழுதிக் கொடுத்திருக்கிறாரே அவன் கடைக்குப் பக்கத்துத் துணிக்கடைக்காரர், அவர் மட்டும் இப்போது இங்கே இருந்தால் முகத்துக்கு நேராகவே கேட்பேன். ஏன்யா, அவன் கையிலிருந்து காசு வெளியே வந்ததை நீ என்றைக்காவது கண்ணால் பார்த்திருக்கிறாயா? டீ குடிக்கப் போனால்கூட, "பர்ஸ் வேற சட்டையில இருக்கு மாமா" என்பான். எந்தச் சட்டையைப் போட்டு வந்தாலும் அந்தப் பர்ஸ் வேறு சட்டையில்தான் இருக்கும். அவனா எனக்குக் காசு கொடுத்தான்?

இன்ஸ்பெக்டர் ஐயா முதலில் பெயர், வயது, விலாசம் சொல்லும்படி சொல்கிறார். சொல்கிறேன். பெயர் அடையாள அட்டையில் இருக்கிறது, பார்த்து எழுதிக்கொள்ளலாம். அந்தப் பெயரைச் சொல்லிக் கேட்டால் என் வீட்டுக்காரியே அப்படி யாரும் இங்கே இல்லை என்று சொல்லிவிடுவாள். ஊருக்கெல்லாம் நான் மைக்தான். வயது எழுபத்து நான்கு. படிப்பு ஐந்தாம் வகுப்பு, அதிலும் பாதி. தொழில், மூன்று சக்கர வண்டியில் குழாய் ஸ்பீக்கர் கட்டிக்கொண்டு விளம்பரம் சொல்வது. விலாசம், மார்க்கெட் தெருவின் பின்சந்தில் கடைசி வீடு. ஆனால் சம்பவ நாளிலிருந்து அந்த வீட்டு வாசலில் நிற்கும் வண்டிக்குள் இருக்கிறேன், காரணம் பின்னால் வரும். எழுதுகிற தம்பி, நான் சொல்வதை அப்படியே எழுது. "ஓடுனேன்னு நான் சொன்னா நீ விரைந்து சென்றேன்னு எழுதுற. விரைஞ்சு போற காலா இது?"

நோய் பரவி, கடைகளை மூடச் சொல்லி உத்தரவு வந்த பிறகு, சுகாதார நிலையத்து டாக்டரம்மா என்னைக் கூப்பிட்டனுப்பி, தினமும் காலையில் தெருத்தெருவாகப் போய், யாரும் வெளியே வர வேண்டாம், கடை திறக்க வேண்டாம் என்று சொல்லச் சொன்னார். எத்தனை நாளைக்கு என்று கேட்டேன். அதற்கு அவர், "உள்ள கட்டில் இல்லை பெரியவரே. ஒரு கட்டில் காலியானாத்தான் அடுத்தவரைப் படுக்க வைக்கிறோம். காலி பண்ணினவங்க எல்லாரும் நடந்து வீட்டுக்குப் போனாங்கன்னு நினைக்காதீங்க" என்றார். அதன் பிறகு நான் கேள்வி கேட்கவில்லை. என் வீட்டுக்காரிக்கு நோய் வருவதற்கு முன்பிருந்தே மூச்சு இழுப்பு உண்டு.

அதன் பிறகு, கடைக்காரர்கள் சங்கத்தார் என்னைக் கூப்பிட்டு, அரை நேரமாவது கடை திறக்க விட வேண்டும் என்று மாலையில் சொல்லச் சொன்னார்கள். அதையும் சொன்னேன். காலையில் மூடு, மாலையில் திற. அதே வண்டி, அதே குழாய், அதே தொண்டை. குழப்பம் வரக்கூடாது என்று காலையில் வெள்ளைத் தொப்பியும் மாலையில் கறுப்புத் தொப்பியும் போட்டுக்கொண்டேன். அப்படியும் மூன்றாவது மாடியிலிருந்து ஒரு அம்மா, "மைக்கு, இந்த ரெண்டு தொப்பியில எது பேச்சைத்தான் கேக்குறது?" என்றார். நான் குழாயிலேயே, "காலையில பேசுறவன் சொல்றதைக் கேளுங்கம்மா. சாயங்காலம் பேசுறவனுக்கு ஒரு வாய் சோறு போடுங்க" என்றேன். தெருவே சிரித்தது. நான் மட்டும் விளையாட்டுக்குச் சொல்லவில்லை.

என் மாப்பிள்ளைக்கு மார்க்கெட் தெருவிலேயே செருப்புக் கடை. முகத்துக்கு நேரே வாங்க, போங்க. ஆள் இல்லாத இடத்தில் அவன், இவன். மாமனார் வழக்கம், அதையும் எழுதிக்கொள். பூட்டிய கடைக்குள் தோல் செருப்புக்கெல்லாம் பூஞ்சை பிடித்தது, ஒட்டிய அடி தானாக வாயைப் பிளந்தது. கடை உள்ளிருந்தே நாறியதால் ஷட்டரை இறக்கிவிட்டு உள்ளே உட்கார்ந்து ஒவ்வொன்றாகத் துடைப்பான். துடைத்து முடித்த பிறகு சந்துக்கு வந்து என்னிடம் சண்டை போடுவான்.

"நோய் வந்தா பிழைச்சாலும் பிழைச்சுக்குவேன் மாமா. கடை போனா நான், உங்க பொண்ணு, வேலைக்கு நிக்கிறவங்க, அவங்க வீட்டு ஆளுங்க, அத்தனை பேரும் சேர்ந்து போகணும். எங்களை எந்தக் கட்டில்ல படுக்க வைப்பீங்க?"

"உங்க அத்தைக்கு மூச்சு நின்னா எந்தக் கடையைத் திறந்து வாங்கிட்டு வருவீங்க மாப்பிள்ளை?"

இரண்டு பேரும் முறைத்துக்கொண்டு நின்றோம். ஜன்னலுக்குள்ளிருந்து என் வீட்டுக்காரி, "மாஸ்க்கை மூக்குக்கு மேல இழுத்துவிட்டுட்டு முறைங்க" என்றாள்.

சம்பவ நாளன்று காலை வெள்ளைத் தொப்பியோடு மார்க்கெட் தெரு முனையில் வண்டியை நிறுத்தினேன். இங்கே ஐயா ஒரு விஷயத்தைத் தெரிந்துகொள்ள வேண்டும். விளம்பரம் என்றால் அதற்கு ஒரு வால் உண்டு. கண்காட்சியோ, தள்ளுபடியோ, எதுவானாலும் கடைசியில் ‘அனைவரும் குடும்பத்துடன் திரண்டு வாரீர், வாரீர், வாரீர்’ என்று முடித்தால்தான் என் வாய் மூடும். வாலிப வயதிலிருந்து அப்படியே பழகிவிட்டது. இந்த ஊரடங்கு விளம்பரத்தில் மட்டும் தினமும் நாக்கைக் கடித்து நிறுத்திக்கொண்டிருந்தேன். அன்று தும்மல் வருவது போல வந்துவிட்டது. நான் சொன்னது இதுதான், வார்த்தை மாறாமல் எழுது: யாரும் வீட்டை விட்டு வெளியே வர வேண்டாம், கடைகளைத் திறக்க வேண்டாம், மீறினால் நடவடிக்கை எடுக்கப்படும், ஆகவே பொதுமக்கள் அனைவரும் குடும்பத்துடன் திரண்டு வாரீர், வாரீர், வாரீர்.

முதலில் ஒரு கதவு திறந்தது. அதன் பிறகு எத்தனை கதவு திறந்தது என்று எனக்குத் தெரியாது. மூன்றாவது மாடி அம்மா ஈரத்தலையோடு இறங்கி வந்தார். ஒருவர் மடிப்புக் கலையாத சட்டை போட்டிருந்தார், அதைப் போடுவதற்கு ஒரு நாள் வராதா என்று எடுத்து வைத்திருந்திருப்பார். அண்ணன் தம்பி இரண்டு பேர், எதிரெதிர் வீட்டுக்காரர்கள், நடுத்தெருவில் நின்று ஒருவரையொருவர் பார்த்துச் சும்மா சிரித்துக்கொண்டே இருந்தார்கள். ஐயா, நான் கண்காட்சிக்குக் கூப்பிட்டேன், வரவில்லை. பாதி விலைக்குக் கூப்பிட்டேன், வரவில்லை. ரத்த தானத்துக்குக் கூப்பிட்டேன், ஊசி போடுகிறவரே வரவில்லை. ஆயுசுக்கும் திரண்டு வாரீர் என்று கத்தினவனுக்கு, வராதே என்று சொன்ன நாளில் ஊர் திரண்டது. எனக்கு உடம்பெல்லாம் சிலிர்த்தது. வண்டி மேல் ஏறி நின்று பார்த்தேன். ஏறியதை எழுதிக்கொள்ளலாம், எப்படி ஏறினேன் என்று எனக்கே தெரியவில்லை.

வேண்டுமென்றே சொன்னாயா என்று ஐயா கேட்கிறார். சொன்னது நாக்கு. அப்போது மனசு எங்கே இருந்தது என்று எழுத அந்தக் காகிதத்தில் இடம் இருந்தால் சொல்லுங்கள், யோசித்துச் சொல்கிறேன்.

அப்போது செருப்புக் கடை திறந்திருந்ததா என்று ஐயா கேட்கிறார். இதுதான் கேள்வி. முன்கூட்டியே திறந்து வைத்துவிட்டு என்னைக் கூப்பிடச் சொன்னான் என்று துணிக்கடைக்காரர் எழுதியது நிஜமானால், கடைக்குச் சீல் வைத்து லைசென்ஸையும் பிடுங்கிவிடுவீர்கள், என் மகள் குடும்பம் தெருவுக்கு வந்துவிடும். கடை திறந்திருக்கவில்லை. ஷட்டர் தரையில் கிடந்தது. கூட்டத்தில் முதல் ஆளாக ஹெல்மெட் போட்ட ஒருவர் வந்து, வண்டிச் சாவியால் ஷட்டரைத் தட்டினார். "கொஞ்சம் திறங்க. பாப்பாவுக்கு ஷூ பத்தலை, விரலை மடக்கிக்கிட்டு நடக்குது. ஒரே நிமிஷம்" என்று கெஞ்சினார். அதைக் கேட்ட பிறகுதான் மாப்பிள்ளை ஷட்டரைப் பாதி தூக்கினான். பாதி ஷட்டருக்குக் கீழே ஊரே குனிந்து போனது. எல்லார் வீட்டுப் பிள்ளைக்கும் கால் வளர்ந்திருந்தது, உத்தரவு போட்டால் கால் நிற்குமா?

செருப்புக் கடையில் ஜோடியாகத் தொங்கவிட மாட்டார்கள், திருட்டுப் போகும். இடது கால் வெளியே தொங்கும், வலது கால் பெட்டிக்குள் இருக்கும். ஹெல்மெட்காரர் தொங்கிய சின்ன சிவப்பு ஷூவை எடுத்துக்கொண்டு, "கொஞ்சம் பார்த்துப் போடுங்க" என்று விலை பேசிக் காசு கொடுத்தார். மாப்பிள்ளை வலது காலை எடுக்க உள்ளே திரும்பினான்.

அந்த நேரத்தில் கூட்டத்தில் ஒருவர் இருமினார். சாதாரண இருமல்தான். ஆனால் அவர் நின்ற இடத்துக்கு நேர் பின்னால்தான் மார்க்கெட் தெருவைப் பார்த்த என் வீட்டு ஜன்னல். எனக்குச் சிலிர்த்ததெல்லாம் இறங்கிவிட்டது. மைக்கை எடுத்து, போங்கள் என்றேன். யாரும் போகவில்லை. அதன் பிறகு ஆள் ஆளாகப் பிடித்தேன். "மடிப்புச் சட்டை, மாமியார் மாடியிலேருந்து பார்க்குறாங்க. ஈரத்தலை அம்மா, அடுப்புல பால் பொங்குது. ஹெல்மெட் ஐயா, வண்டியே காணோம், மண்டைக்கு மட்டும் எதுக்குப் பாதுகாப்பு?" என்றேன். எல்லாரும் சிரித்துக்கொண்டே கலைந்தார்கள். ஹெல்மெட்காரர் மட்டும் சிரிக்காமல், ஒற்றை ஷூவோடு ஓடினார். விரைந்து சென்றார் என்று எழுத வேண்டாம் தம்பி, ஓடினார். உங்கள் ஜீப் வந்தபோது தெருவில் நானும் வண்டியும்தான்.

அன்று மாலை டாக்டரம்மா போன் செய்தார். திட்டுவார் என்று காத்திருந்தேன். "கட்டிலை இன்னொரு தடவை எண்ணிப் பார்த்தேன் பெரியவரே" என்று மட்டும் சொல்லி வைத்துவிட்டார். அன்றிலிருந்து நான் வீட்டுக்குள் போகவில்லை. அத்தனை பேர் மூச்சு என் மேல் பட்டிருக்கிறது. என் வீட்டுக்காரி தட்டை ஜன்னல் திண்டில் வைத்துவிட்டு, "ஊரையே திரண்டு வாங்கன்னு கூப்பிட்ட மனுசன், ஒத்தையா வெளிய கிடக்குறீங்களே" என்று சிரிக்கிறாள். சிரித்தால் அவளுக்கு இழுக்கும், அதனால் நான் பதிலுக்குக் கேலி செய்வதில்லை. இதுவரை யாருக்கும் ஒன்றும் வரவில்லை. வரவில்லை என்பதால் நான் செய்தது சரியாகிவிடாது. காலைத் தொப்பிக்கு அது தெரியும்.

ஷட்டர் மூடியிருந்ததற்குச் சாட்சி யார் என்று ஐயா கேட்கிறார். தட்டியவர்தான் சாட்சி. முகம் எனக்குத் தெரியாது. ஆனால் ஆயுசுக்கும் குழாய்க்குள் குரலைக் கேட்டுப் பிழைத்தவன் நான். இன்று காலை இந்த அறைக்குள் நுழைந்ததும் ஐயா, "கொஞ்சம் உட்காருங்க பெரியவரே" என்றீர்கள். அந்தக் கொஞ்சத்தை நான் எங்கேயோ கேட்டிருக்கிறேன் என்று அப்போதிலிருந்து யோசித்துக்கொண்டிருக்கிறேன். இருக்கட்டும். ஜோடி இல்லாத வலது காலைச் சாட்சியாகக் காட்டலாம் என்று மாப்பிள்ளையிடம் வாங்கிப் பையில் கொண்டுவந்திருக்கிறேன். இதோ, மேஜை மேல் வைக்கிறேன். ஒரு காலுக்கு மட்டும் விரல் நீட்டி நடந்தால் பிள்ளை நொண்டும் ஐயா. பாப்பா சௌக்கியமா?

ஐயா எழுதுகிற தம்பியிடம், "ஷட்டர் மூடியிருந்ததுன்னு எழுது" என்கிறார். எழுந்துவிட்டார். ஷூவை எடுத்துச் சட்டைக்குள் வைத்துக்கொள்கிறார். ஐயா, இன்னும் முடியவில்லை. துணிக்கடைக்காரர் விஷயம் பாக்கி இருக்கிறது, அன்றைக்குத் தன் மருமகளுக்குச் செருப்பு வாங்க அவர் எந்த ஷட்டருக்குக் கீழே குனிந்தார் என்று கேட்க வேண்டாமா? ஐயா. கொஞ்சம் நில்லுங்க ஐயா.

போய்விட்டார். தம்பி, நீ எழுது. மேலே கண்டதெல்லாம் என் வாயால் நான் சொன்னது, நீ படித்துக் காட்டிக் கேட்டேன், காலைத் தொப்பிக்கும் மாலைத் தொப்பிக்கும் சம்மதம். பேனாவைக் கொடு, கையெழுத்து எனக்குப் போடத் தெரியும். ஆனால் அவர் முன்னால்தானே போட வேண்டும்?