அரை மணி நேரம் பேசக்கூடாது

திடீரென்று சங்கு ஊதினால் புதிதாக வந்தவர்கள் எல்லோரும் இப்படித்தான் திடுக்கிடுவார்கள், சார். ஒன்றுமில்லை, முதல் ஷிப்ட் முடிகிறது. என் கணவர் சிவப்பிரகாசம் இந்தச் சங்குக்குத்தான் மைன்ஸிலிருந்து கிளம்புவார். குவார்ட்டர்ஸுக்கு வந்து, சாப்பிட்டு, வாய் கொப்பளித்துவிட்டு ஜன்னலோரம் உட்காருவார். நான் அவர் வாய்க்குள் பட்டை ஒட்டுவேன்.

அந்தப் பட்டை நகத்தளவுதான் இருக்கும். இருபது வருஷம் புகையிலை அடக்கிய கன்னத்தின் உட்புறம் வெள்ளையாகத் தடித்திருந்தது. இன்னும் புற்று ஆகவில்லை, விட்டால் ஆகும் என்றார் பாண்டிச்சேரி டாக்டர். புது வைத்தியம். பட்டை ஈரத்தில் ஒட்டிக்கொண்டு அந்த இடத்துக்கு மட்டும் மருந்தை இறக்கும். அரை மணி நேரம் பேசக்கூடாது. ஒட்டிப் பழக மருந்தில்லாத பட்டைகளும் ஒரு பெட்டி கொடுத்தார்கள். நான் இரண்டே நாளில் பழகிவிட்டேன்.

2017 ஐப்பசியில், துவைக்க எடுத்த சட்டையில் அவருடைய மருத்துவமனை அட்டை இருந்தது. உடன் வந்தவர்: மனைவி, அம்சவல்லி, மந்தாரக்குப்பம். என் பெயரும் இல்லை, என் கையெழுத்தும் இல்லை. விசாரித்தேன். அவளோடு ஒன்பது வருஷமாம்.

அவருடைய வேலை, சுரங்கத்துக்கு எங்கள் அப்பாவின் நிலம் போனபோது அதற்கு ஈடாக வந்தது. பெற்ற மகனை விட்டுவிட்டு மருமகனுக்குக் கொடுத்தார் அப்பா, என்னை நல்லபடியாக வைத்துக்கொள்ளட்டும் என்று. தம்பி இன்னும் கான்ட்ராக்டில்தான் இருக்கிறான்.

நான் சண்டை போடவில்லை. தினமும் ஒட்டுவதற்கு முன் கேட்பேன்.

"எங்கிட்ட எதுனா சொல்லணுமாங்க?"

"சொல்றதுக்கு இன்னா இருக்குது? சீக்கிரம் ஒட்டு, தூக்கம் வருது."

வாயைத் திறப்பார். மருந்தில்லாததை ஒட்டுவேன். உண்மையைச் சொல்கிற அன்றைக்கு மருந்துப் பட்டைக்கு மாறிவிடுவது என்று முடிவு செய்திருந்தேன். பெட்டி தீர்ந்துவிடாமல் இருக்க ஒன்றை இரண்டாக வெட்டினேன். பக்கத்து பிளாக் காந்திமதி அக்கா எட்டிப் பார்த்துச் சிரிப்பாள். "உன் வூட்லதாண்டி புருஷன் அரை மணி நேரம் வாய மூடிக்கினு கெடக்கறாரு. எனக்கும் ரெண்டு பட்டை குடேன்."

சிலருக்கு மருந்து மெதுவாகத்தான் கேட்கும் என்று டாக்டர் பொறுமையாக இருந்தார். அடுத்த வருஷம் ஆடியில் சதை எடுத்துப் பார்த்தார்கள். புற்று. தாடையில் பாதியை எடுத்துவிட்டார்கள். இப்போது அவர் பேசினால் எனக்கு மட்டும்தான் புரிகிறது.

பிரிக்காத மருந்துப் பட்டைகளை பீரோவில் பார்த்துவிட்டு ஸ்டேஷனில் உங்களிடம் வந்து சொன்னது என் தம்பிதான். அவனுக்காகவும் சேர்த்துத்தான் இதைச் செய்தேன் என்பது அவனுக்குப் புரியவில்லை.

ஒரே ஒரு வார்த்தை, சார். அதைச் சொல்லியிருந்தால் அன்றே நல்ல பட்டையை ஒட்டியிருப்பேன். நான் கேட்டது அவ்வளவுதான்.

நீங்கள் பேனாவை நிறுத்திவிட்டுக் கேட்கிறீர்கள், அவர் கடைசிவரை சொல்லவே இல்லையா என்று.

"சொன்னாருங்க. பொங்கலுக்கு மறுநாளு என் காலப் புடிச்சிக்கினு எல்லாத்தையும் சொல்லி அழுதாரு. கண்ணத் தொடச்சிவுட்டு, அதே வெறும் பட்டையத்தான் ஒட்டினேன்."