பத்தாயிரத்து ஒன்றாவது கல்

— ஒத்தக் கல்லு தலைவரே. அத மட்டும் வெளிய வைன்னா நான் எப்படி வைப்பேன்?

— மேஸ்திரியம்மா, நீ தரை போடறவ. சொன்னபடி போடு. புதுச் சங்கக் கூடம் பக்கத்துக்கு நூறு கல்லு, மொத்தம் பத்தாயிரம். சாயங்காலம் இன்ஜினியர் வந்து சுவருக்கு அளவு போட்டுடுவாரு.

— பழைய சங்கக் கட்டடத்துலேர்ந்து நான் பெயர்த்து எடுத்தது பத்தாயிரத்து ஒண்ணு. தொழிலாளிங்க ஆளுக்கு ஒரு கல்லுன்னு குடுத்துப் போட்ட தரை. ஒவ்வொண்ணுக்கும் அடியில ஒருத்தர் பேரு வெட்டியிருக்கு. எந்தப் பாவப்பட்ட ஆள வெளிய தள்றீங்க?

— அது என் கவல. எந்தக் கல்லுன்னு முடிவு பண்ணி மேசையில எடுத்து வச்சாச்சு.

— அதுவும் பேரு தெரியாம கவுத்து. ஒண்ணக்கூட உடைக்கக் கூடாது, மிச்சம் வைக்கக் கூடாதுன்னு கூட்டத்துல மொதக் கை தூக்குனது யாரு?

— நான்தான். கணக்கு மசியலயே, என்ன பண்ண? மூணு நாளா வகுத்துப் பாத்துட்டேன். ரெண்டு, மூணு, அஞ்சு, ஏழுன்னு எழுபத்தொண்ணு வரைக்கும் போயிட்டேன். எதுல வகுத்தாலும் மீதி நிக்குது. இந்த எண்ணு கட்டத்துக்குள்ள அடங்காதும்மா. ஒரே வரிசையா வேணா போடலாம்.

— போடலாம். கூட்டத்துக்கு வர்றவங்க சைக்கிள் எடுத்துட்டு வரணும்.

— சிரிக்காத.

— சிரிக்கல. அந்தச் சாக்கட்டிய இப்படிக் குடுங்க. பழைய கூடம் பக்கத்துக்கு நூத்தஞ்சு கல்லு. ஒரு மூலையில மட்டும் மேடை.

— முப்பத்திரெண்டுக்கு முப்பத்திரெண்டு. மேடைக்கடியில கல்லு கிடையாது.

— அதேதான். இப்ப மேடைய ஒட்டினாப்புல ஒரு துண்டு நிக்குது பாருங்க. அகலம் முப்பத்திரெண்டு, நீளம் எழுபத்து மூணு. அத அப்படியே எடுத்து, திருப்பி, இந்தக் கடைசியில ஒட்டுறேன்.

— அட, மூளி மறைஞ்சிடுச்சே.

— அகலம் எழுபத்து மூணு. நீளம் நூத்தஞ்சும் முப்பத்திரெண்டும், நூத்தி முப்பத்தேழு. பெருக்குங்க.

— இரு, அவசரப்படுத்தாத. எழுபது தடவைக்கு ஒம்பதாயிரத்து ஐநூத்தித் தொண்ணூறு. மூணு தடவைக்கு நானூத்திப் பதினொண்ணு. கூட்டினா... அடிப்பாவி. பத்தாயிரத்து ஒண்ணு.

— மிச்சம்?

— ஒண்ணுமில்ல.

— எழுபத்தொண்ணோட ஏன் நிறுத்துனீங்க? இன்னும் ரெண்டு எண்ணு தள்ளிப் போயிருந்தா கெடச்சிருக்குமே.

— நோட்டுல பக்கம் தீந்துபோச்சு.

— நல்லாருக்கு. ஒரு தாளு இல்லன்னு ஒரு ஆளையே தள்ளப் பாத்திருக்கீங்க.

— குத்திக் காட்டினது போதும். இன்ஜினியருக்குப் போன் போடறேன். எழுபத்து மூணுக்கு நூத்தி முப்பத்தேழு. சங்கத்துல ஒருத்தர் குறையலன்னு எல்லாருக்கும் சொல்லணும்.

— சொல்லுங்க, சத்தமாச் சொல்லுங்க. அதுக்கு முன்னாடி மேசையில இருக்கற கல்லக் குடுங்க. வாசப்படிய ஒட்டி மொதக் கல்லா அதத்தான் பதிக்கப்போறேன். வெளிய நிக்க இருந்த ஆளு எல்லாரையும் உள்ள கூப்பிடட்டும். யாரு அது?

— கண்ணாடிய எங்கயோ வச்சுட்டேன். நீயே திருப்பிப் பாத்துக்க.

— தலைவரே... இது உங்க பேரு.