நிற்பதற்கு முன் இருமியதா

இந்த நாற்காலியின் ஒரு கால் குட்டை, சார். நாலாக மடித்த அட்டை ஒன்றைக் கீழே வைத்தால் ஆட்டம் நின்றுவிடும். உட்கார்ந்த உடனே சொல்லியிருப்பேன். போலீஸ் நாற்காலியில் குறை சொல்வது அவ்வளவு நல்ல பழக்கம் இல்லை என்று விட்டுவிட்டேன்.

குறை கண்டுபிடிப்பதுதான் என் தொழில். பட்டறையில் எனக்குக் ‘காது’ என்று பெயர். இருபத்தாறு வருடமாக பேனட்டைத் திறக்காமலே, வண்டி பட்டறைக்குள் நுழையும் சத்தத்தை வைத்தே என்ன கோளாறு என்று சொல்லியிருக்கிறேன். எதிரே டாக்ஸி ஸ்டாண்ட். அங்கே இருப்பவர்களுக்கு இது ஒரு பொழுதுபோக்கு. வண்டி வந்ததும் நாலு பேர் டீ கிளாஸோடு எழுந்து வந்து நிற்பார்கள். நான் சொல்வேன். அவர்கள் தலையாட்டிவிட்டுப் போவார்கள்.

உங்கள் மேசை மேல் இருக்கும் அந்தக் காகிதப் பொட்டலத்தைப் பற்றித்தானே கேட்கிறீர்கள். அதற்கு முன்னால் நர்ஸம்மாவின் காரைப் பற்றிச் சொல்ல வேண்டும்.

பெரிய ஆஸ்பத்திரியில் வேலை பார்ப்பவர். வண்டி ஓடிக்கொண்டிருக்கும்போதே நின்றுவிடுகிறது என்று வந்தார். அரை மணி நேரம் ஒழுங்காக ஓடும், நிற்கும். பத்து நிமிஷம் ஓரமாகப் போட்டுவிட்டுச் சாவியைத் திருப்பினால் ஒன்றுமே நடக்காததுபோலக் கிளம்பும். இந்த மாதிரி வண்டிகள் பட்டறைக்கு வந்தால் பரம சாதுவாக நிற்கும். எங்களைக் கிறுக்கன் ஆக்குவதற்கென்றே பிறந்தவை.

“நிக்கறதுக்கு முன்னாடி இருமுச்சா?” என்று கேட்டேன். எல்லாரும் கேட்க வேண்டிய கேள்வி இதுதான். டாங்கியிலிருந்து என்ஜினுக்குப் பெட்ரோலைத் தள்ளும் பம்ப் களைத்துப்போனால் வண்டி குலுங்கும், இருமும், இழுத்து இழுத்து நிற்கும்.

“இல்லண்ணே. பேசிட்டிருக்கும்போதே போன் கட்டான மாதிரி டப்புனு நின்னுச்சு. என்ஜின் சுத்தறதக் காட்டற ஊசி நேரா சைபருக்கு வந்துருச்சு.”

நான் பின் சீட்டில் காதை வைத்து, அடியில் இருக்கும் பம்ப்பின் ரீங்காரத்தைக் கேட்டேன். சத்தம் குறைந்திருந்தது. “பம்ப்புதாம்மா. இருமியிருக்கும், நீங்க கவனிச்சிருக்க மாட்டீங்க.”

“பேஷண்ட் சொல்றத நம்பாத டாக்டர் மாதிரியே இருக்கீங்களேண்ணே,” என்று சிரித்தார். ஸ்டாண்டு ஆட்களும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன்.

பம்ப்பை மாற்றினேன். எட்டாம் நாள் வண்டி மறுபடி நின்றது. வந்த பம்ப்பே மட்டம் என்று சொல்லி, இன்னொன்று போட்டேன். ஆறாம் நாள் மறுபடி நின்றது. குறைந்தது பம்ப்பின் சத்தம்தானா, என் காதா என்று எனக்கு அப்போதுதான் ஒரு சந்தேகம் வந்தது. யாரிடமும் சொல்லாமல் காது டாக்டரிடம் போனேன். மெல்லிய சத்தங்கள் இனி காதில் விழாது என்றார். அதை அவர் இரண்டு முறை சொல்ல வேண்டியிருந்தது.

நான் அங்கே இருந்த அந்த மதியம்தான் நர்ஸம்மா மூன்றாம் முறையாக வந்திருக்கிறார். பட்டறையில் என் தம்பி மட்டும் இருந்தான். நல்லவன். காதால் ஒன்றும் கேட்க மாட்டான். கம்ப்யூட்டர் பெட்டியை வண்டியில் சொருகி, அது சொல்வதைப் படிப்பான். அன்று அவரோடு உட்கார்ந்து, வண்டி நிற்கும்வரை ஊரைச் சுற்றியிருக்கிறான். கட்டைவிரல் அளவு ஒரு சென்சார் உண்டு, சார். என்ஜின் சுற்றுகிறதா என்று கண் கொட்டாமல் பார்த்துக்கொண்டிருப்பதுதான் அதன் வேலை. அது கண்ணை மூடினால், என்ஜின் சுற்றவில்லை என்று நினைத்து வண்டி தானே பெட்ரோலை நிறுத்திக்கொள்ளும். கெட்டுப்போன சென்சார் சூட்டில் மயங்கும், ஆறினால் எழுந்து உட்காரும். தம்பி அதை மாற்றிவிட்டான்.

நான் திரும்பி வந்தபோது ஸ்டாண்டு ஆட்கள் எல்லாரும் எங்கள் வாசலில் இருந்தார்கள்.

“அண்ணே, பம்ப்பு பாவம். அது ஒண்ணுமே பண்ணல,” என்றான் தம்பி. கேலியாகச் சொல்லவில்லை. அதுதான் கஷ்டமாக இருந்தது.

“அண்ணனுக்கே காது குத்திட்டியேடா,” என்றார் ஸ்டாண்டில் மூத்தவர். அன்று சாயங்காலம்வரை அந்த ஒரு வாக்கியமே அவர்களுக்குப் போதுமானதாக இருந்தது.

அதற்குப் பிறகு பதினோரு நாள் அந்த வண்டி நிற்கவே இல்லை. அந்தப் பதினோரு நாளும் எனக்குச் சிரமமாக இருந்தது. வண்டி உள்ளே நுழையும், கிளாஸோடு எழுந்து வருவார்கள், என்னைத் தாண்டித் தம்பியைப் பார்ப்பார்கள். எனக்குச் சோறு இறங்கவில்லை என்றெல்லாம் சொல்ல மாட்டேன். இறங்கியது. ருசி தெரியவில்லை.

பன்னிரண்டாம் நாள் மழை. வைப்பர் சரியாகத் துடைக்கவில்லை என்று நர்ஸம்மா வந்தார். முன்னறையில் பெஞ்சில் உட்கார்ந்து போனில் பேசிக்கொண்டிருந்தார். தம்பி வேறொரு வண்டியை ஓட்டிப் பார்க்கப் போயிருந்தான்.

எங்கள் பட்டறையில் ஒரு வழக்கம் உண்டு. வண்டியிலிருந்து எதைக் கழற்றினாலும் அது வண்டிக்காரருடையது. காகிதத்தில் சுற்றி முன் சீட்டின் கீழே வைத்துவிட வேண்டும். மாற்றாமலே மாற்றினேன் என்று சொல்லும் பட்டறைகள் நடுவே, நாங்கள் இப்படித்தான் பெயர் வாங்கினோம். தம்பியும் பழைய சென்சாரை அங்கேதான் வைத்திருந்தான். நர்ஸம்மா அதை எடுத்துப் போடவில்லை. யாரும் எடுத்துப் போடுவதில்லை.

ஒரு போல்ட், ஒரு சொருகு. வைப்பர் ரப்பர் மாற்றும் நேரம்கூட ஆகவில்லை. பழையதைப் போட்டேன். புதியதை அதே காகிதத்தில் சுற்றி அதே இடத்தில் வைத்தேன். எடுத்துக் குப்பையில் போட்டிருந்தால் இன்று நீங்கள் என்னைக் கூப்பிட்டிருக்க மாட்டீர்கள், தெரியும். ஆனால் அடுத்தவர் பொருள், சார். வாழ்க்கையில் ஒரு வாடிக்கையாளரின் போல்ட்டைக்கூட நான் எடுத்ததில்லை.

கெட்ட எண்ணம் இல்லை. ஒரே ஒரு தடவை நின்றால் போதும். வீட்டுக்குப் போகக் கால் மணி நேரம், அதற்குள் சூடாகாது. மறுநாள் காலை ஆஸ்பத்திரி ரோட்டில் நிற்கும். சமதளம், சிக்னலுக்கு மேல் சிக்னல். பின்னால் இருப்பவர்கள் ஹாரன் அடிப்பார்கள், அவ்வளவுதான். வண்டி என்னிடம் வரும். எல்லார் முன்னாலும் பம்ப்பை மாற்றுவதோடு யாருக்கும் தெரியாமல் சென்சாரையும் மாற்றிவிடுவேன். வண்டியும் சரியாகிவிடும், எல்லாமும் சரியாகிவிடும்.

அவர் வண்டியில் ஏறும்போது தம்பி திரும்பி வந்துவிட்டான்.

“இப்ப எப்படி ஓடுதுக்கா?”

“தங்கமா ஓடுது தம்பி. அந்தத் தைரியத்துலதான் மலைக்குப் போறேன். பொண்ணு ஹாஸ்டல் லீவு. பஸ்ஸுல வாந்தி எடுப்பா, நானே போய்க் கூட்டிட்டு வந்துர்றேன்.”

மலைப் பள்ளிக்கூடம் ஒன்றேகால் மணி நேரம். பதினெட்டு வளைவு. என்ஜின் நின்றுவிட்டால் ஸ்டியரிங் கல்லாகும், பிரேக் இரண்டு மிதிக்கு மேல் இறங்காது. இதெல்லாம் எனக்கு அந்த நொடியே தெரியும். தம்பி என் பக்கத்தில், தோளோடு தோள் ஒட்டி நின்றுகொண்டிருந்தான். ஸ்டாண்டு மூத்தவரும் பார்த்துக்கொண்டிருந்தார்.

“பாத்துப் போங்கம்மா,” என்றேன்.

பிறகு போன் பண்ணலாம் என்று எடுத்தேன். வண்டி ஓட்டும்போது போனில் பேசுவது ஆபத்து என்று வைத்துவிட்டேன். ஏற்றத்திலேயே நின்றுவிடும் என்று கணக்குப் போட்டேன். ஏற்றத்தில் நின்றால் ஹேண்ட் பிரேக் போதும், யாருக்கும் ஒன்றும் ஆகாது. ஆனால் அன்றைய மழை என்ஜினை ஆற்றிக்கொண்டே போயிருக்கிறது. மகளை ஏற்றிக்கொண்டு இறங்கும்போது, மழை விட்ட பிறகு, மூன்றாவது வளைவில்தான் நின்றிருக்கிறது. மழையைக் கணக்கில் எடுக்காதது என் தவறு. அதை ஒப்புக்கொள்கிறேன்.

நர்ஸம்மா அங்கேயே போய்ச்சேர்ந்துவிட்டார். மகள் அவர் வேலை பார்த்த வார்டிலேயே கண் திறக்காமல் படுத்திருக்கிறாள் என்றார்கள்.

கடைசியாக அந்த வண்டியைச் சரிசெய்தவன் என்று தம்பியைக் கூட்டிக்கொண்டு வந்தீர்கள். அவன் இங்கே இருந்த நாலு நாளும் நான் ஏன் வரவில்லை என்று கேட்கிறீர்கள். பட்டறையில் ஆள் இல்லை, சார். ஸ்டாண்டு ஆட்கள் மறுபடி கிளாஸோடு எழுந்து வந்தார்கள். “பொட்டிய நம்பினா இப்படித்தான். நீ அன்னிக்கே பம்ப்புனு சொன்னியேப்பா,” என்று மூத்தவர் என் கையைப் பிடித்துக்கொண்டார். நான் மறுத்துப் பேசவில்லை. பெரியவர்.

பிறகு நீங்கள் பொட்டலத்தைப் பிரித்தீர்கள். பழையது இருக்க வேண்டிய இடத்தில் புதியது பளபளவென்று இருந்தது. தம்பி அதைப் பார்த்ததும் அழுதான் என்று உங்கள் ஏட்டு சொன்னார். அவன் புத்திசாலி. அவனை அனுப்பிவிடுங்கள், அவன் வேலையில் தவறு இல்லை. சென்சாரை மாற்றியவன் நான். அந்த அம்மாவை அந்த வளைவுக்கு அனுப்பியவனும் நான். எங்கே கையெழுத்துப் போட வேண்டுமோ போடுகிறேன்.

ஒரே ஒரு உதவி மட்டும் செய்ய வேண்டும். அந்தப் பெண் கண் விழித்ததும், அழுதுமுடிக்கட்டும், அவசரமில்லை, ஒரு கேள்வி கேட்டுச் சொல்லுங்கள். வண்டி நிற்பதற்கு முன்னால் கொஞ்சமாவது இருமியதா என்று. இருமியிருந்தால், சார், அது பம்ப்தான்.