மீன்பெட்டித் தாளம்

மன்னாரிலிருந்து தாழ்வுபாட்டுக்குப் போகும் பஸ்ஸில், எனக்கு முன் இருக்கையில் ஐம்பது தாண்டிய இருவர். மாலையாகியும் வெயில் தணியவில்லை. சன்னலோரம் இருந்தவரின் தோளில் ஐஸ்கட்டி சுமந்த ஈரச்சாக்கு கிடந்தது.

"அந்த நேரம் தவக்காலமெண்டு பங்குச் சுவாமியார் கோயில் ட்ரம்மைப் பூட்டி வைக்காட்டி, எங்கட பாட்டை இண்டைக்கு ஒருத்தனும் கேட்டிருக்கமாட்டான்" என்றார் அவர்.

"எந்தப் பாட்டை?"

"பெடியளா இருக்கேக்க கசற்றில பாடிப் பதிஞ்சமே, அது. ட்ரம் இல்லையெண்டு நீ மீன்பெட்டியில தட்டினனீயெல்லே."

"அது இன்னும் இருக்கோ?"

"ஆரோ இன்ரநெற்றில போட்டிருக்கினம். கனடாவில அக்கான்ர பெடியன் இந்தக் கோடை முழுக்க எனக்குப் பாட்டு அனுப்பிக்கொண்டிருக்கிறான். எல்லாம் ஊர்பேர் தெரியாத சின்னச் சின்ன ரொக் குழுக்கள். புதுசும் வரும், பழசும் வரும். நேற்று, என்ர குரலெண்டு தெரியாமலே எங்கட பாட்டை அனுப்பியிருக்கிறான். அந்தப் பெட்டிச் சத்தம்தானாம் எல்லாருக்கும் பிடிச்சிருக்கு."

மற்றவர் முன்கம்பியில் விரலால் தட்டிப் பார்த்தார். பாதியில் நிறுத்தினார்.

"எனக்கு அந்தத் தாளம் மறந்துபோச்சு மச்சான்."

"பாடினவன் இப்ப எங்க இருப்பானெண்டு பெடியன் என்னட்டயே கேட்டவன்."

"என்ன சொன்னனீ?"

"தாழ்வுபாட்டில ஐஸ் உடைக்கிறானெண்டு சொன்னனான்."

"அதுக்கு?"

"போனில சிரிக்கிற பொம்மை ரெண்டு மூண்டு அனுப்பினவன். பிறகு அடுத்த பாட்டை அனுப்பினவன்."